கேஸ் ஜெயித்தாலும் பட்டியல், தோற்றாலும் பட்டியல்

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர் கையில் ஒரு விண்ணப்பத்தைத் தருவார்கள். சம்பளம் எவ்வளவு, எங்கே வேலை, இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள் என்று நீளும் அந்தப் படிவங்களில் பலவற்றில் இப்படி ஒரு கேள்வியும் இருக்கும்: "வீட்டைக் காலி செய்யச் சொல்லி உங்கள் மீது எப்போதாவது வழக்குப் போடப்பட்டிருக்கிறதா?" ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். ஐ.டி. வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் அரை நொடி கூட யோசிக்காமல் "இல்லை"யில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "கோர்ட் உங்களை வெளியேற்றியதா?" என்று கேட்கவில்லை. "வாடகை பாக்கி வைத்தீர்களா?" என்றும் கேட்கவில்லை. யாரோ ஒருவர் உங்கள் மீது வழக்குப் போட்டாரா என்பதுதான் கேள்வி. அதாவது இன்னொருவர் செய்த காரியத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்! திருட்டுக் கேஸில் கூட "குற்றம் நிரூபிக்கப்பட்டதா?" என்று ஒரு மரியாதைக்காவது கேட்பார்கள். வாடகை வீட்டுக்காரனுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

வீட்டு உரிமையாளர் ஒருவர் எவிக்ஷன் வழக்குப் போடுவதற்கு என்ன வேண்டும்? ஒரு நோட்டீஸ், ஒரு படிவம், கொஞ்சம் கோர்ட் கட்டணம். அவ்வளவுதான். அதைப் பதிவு செய்யும் குமாஸ்தா உண்மை எது, பொய் எது என்று பார்ப்பதில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வழக்கு பல வழிகளில் முடியலாம். வாடகைதாரர் பாக்கியைக் கட்டிவிடலாம், உரிமையாளர் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். இருவரும் ராஜியாகப் போகலாம். நீதிபதி "இதில் ஒன்றுமில்லை" என்று தள்ளுபடி செய்யலாம். வாடகைதாரர் வாதாடி ஜெயிக்கலாம். தோற்று வெளியேறலாம். அன்றைக்கு வேலையில் லீவு கிடைக்காமல் கோர்ட்டுக்கு வராமல் போய், வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகலாம். இந்த முடிவுகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கோர்ட்டின் பெயர் அட்டவணையில் இவை எல்லாமே ஒரே வரிதான்: உரிமையாளர் பெயர், எதிராக, உங்கள் பெயர்.

அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம் என்பது தெரிந்தால்தான் இதன் விபரீதம் புரியும். அமெரிக்காவில் எவிக்ஷன் வழக்குகள் மத்திய அரசின் கோர்ட்டுகளில் நடப்பதில்லை. அந்தந்த மாநிலத்தின் கவுண்டி கோர்ட்டுகளில், பெரும்பாலும் சின்ன வழக்குகளுக்கென்று இருக்கும் பிரிவுகளில் நடக்கின்றன. நேரில் போய் கவுண்டரில் கேட்கலாம். அங்கேயே பொதுமக்களுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள். பல மாநிலங்களில் அதற்கும் அவசியமில்லை. விஸ்கான்சின் மாநிலம் 1999லேயே தன் கோர்ட் பதிவுகளை இணையத்தில் ஏற்றிவிட்டது. பெயரின் முதல் பகுதி, கடைசிப் பகுதி, இரண்டையும் தட்டினால் போதும். காசு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி, சம்பந்தம் பேச வருகிறவர் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வழக்கு எண்ணில் ஆண்டு, அதன் பின் சின்ன வழக்கு என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அப்புறம் வரிசை எண். திறந்தால் வழக்கு நடந்த கதை தேதி வாரியாக இருக்கும்.

இருக்கும், சரி. ஆனால் அது யாருக்குப் புரியும்? "தள்ளுபடி" என்று ஒரு வரி இருந்தால் அது வாடகைதாரர் ஜெயித்ததாலா, பணம் கட்டியதாலா, இருவரும் சமாதானமாகப் போனதாலா என்று பெரும்பாலும் அந்த வரியிலிருந்து தெரியாது. சில பதிவுகளில் முடிவே இருக்காது. வழக்குப் போட்ட தேதி மட்டும் இருக்கும், பின்னால் வெறும் வெள்ளை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ டெஸ்மண்ட் தொடங்கிய எவிக்ஷன் லேப் ஆய்வாளர்கள் 12 மாநிலங்களின் பதிவுகளை எடுத்துச் சோதித்தார்கள். சராசரியாக 22 சதவீதப் பதிவுகள் குழப்பமானவை, அல்லது வாடகைதாரரின் வரலாற்றைத் தவறாகக் காட்டுபவை என்று தெரிந்தது. ஐந்தில் ஒன்றுக்கு மேல்! ஐந்து மூட்டை அரிசியில் ஒன்று கல் என்றால் அந்தக் கடைப் பக்கம் யாராவது போவார்களா? இங்கே அந்த மூட்டையை வைத்துத்தான் ஒரு குடும்பம் எங்கே படுத்துத் தூங்குவது என்று முடிவாகிறது.

இந்தப் பதிவுகளை வீட்டு உரிமையாளர்களே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினால் கூட பாதகமில்லை. ஒருவேளை திறந்து படித்துப் பார்ப்பார்கள், ஒருவேளை போன் போட்டு விசாரிப்பார்கள். நடப்பது அதுவல்ல. வாடகைதாரர் பின்னணியைச் சோதித்துச் சொல்வதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. கோர்ட் பதிவுகளை மொத்தமாக அள்ளி, தங்கள் கிடங்கில் கொட்டி, பெயரைக் கொடுத்தால் நொடியில் அறிக்கை தருகிறார்கள். சில அறிக்கைகளில் வெறும் மதிப்பெண்தான் இருக்கும். "இவருக்கு வீடு கொடுக்கலாம், இவருக்கு வேண்டாம்." அந்த அறிக்கைக்கான செலவையும் விண்ணப்பித்தவர் தலையிலேயே கட்டுவது சர்வ சாதாரணம். தூக்குக் கயிற்றுக்கும் காசு வாங்குவது போல!

கோர்ட் பின்னாளில் பதிவைத் திருத்தினாலோ மூடி முத்திரை வைத்தாலோ, கம்பெனியின் கிடங்கில் இருக்கும் நகல் தானாகத் திருந்துமா? 2023 அக்டோபரில் ட்ரான்ஸ்யூனியனின் வாடகைதாரர் சோதனைப் பிரிவு மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் எடுத்த நடவடிக்கை இதற்கு நல்ல உதாரணம். மூடப்பட்ட எவிக்ஷன் பதிவுகளை அறிக்கையிலிருந்து விலக்கவில்லை, ஒரே வழக்கைப் பல வழக்குகள் போலக் காட்டியது, வழக்கின் முடிவைத் தவறாகச் சொன்னது என்பவை குற்றச்சாட்டுகள். 1 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்தக் கம்பெனி விஷயத்தை முடித்துக்கொண்டது. அதற்கு முன் 2020 டிசம்பரில் ஆப்ஃபோலியோ என்ற கம்பெனி இதே மாதிரி 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டியது. அங்கே, தகவல் சரியா என்று பார்க்கவில்லை, ஏழு ஆண்டுக்கு மேல் பழைய பதிவுகளையும் அறிக்கையில் சேர்த்தது என்று குற்றச்சாட்டு. (கம்பெனிகள் மட்டும் ராஜியாகப் போனால் அது "விவகாரம் தீர்ந்தது". வாடகைதாரர் ராஜியாகப் போனால் அது "எவிக்ஷன் வரலாறு".)

பெயர்க் குழப்பம் வேறு. எவிக்ஷன் மனுவில் பிறந்த தேதியோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ பெரும்பாலும் இருக்காது. பெயரும் முகவரியும்தான். ஒரே குடும்பப் பெயரை லட்சக்கணக்கானவர்கள் வைத்திருக்கும் சமூகங்களில் யாரோ ஒருவருடைய கேஸ் இன்னொருவர் தலையில் வந்து விழுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. 1970ல் வந்த கடன் தகவல் அறிக்கைச் சட்டம் இந்தக் கம்பெனிகளுக்கும் பொருந்தும். அதன்படி இப்படிப்பட்ட வழக்குகளைப் பொதுவாக ஏழு ஆண்டுக்கு மேல் அறிக்கையில் காட்டக் கூடாது. அறிக்கையைப் பார்த்து வீடு மறுத்தால், எந்தக் கம்பெனியின் அறிக்கை என்று விண்ணப்பித்தவருக்குச் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் கேட்டால் இலவசமாக ஒரு நகல் தர வேண்டும். தவறு என்று எழுதிக் கொடுத்தால் கம்பெனி பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலியான வீடு 30 நாள் காத்திருக்குமா? விசாரணை முடிந்து "மன்னிக்கவும், அது நீங்கள் இல்லை" என்று கடிதம் வருவதற்குள் அந்த வீட்டில் வேறொருவர் பால் காய்ச்சியிருப்பார். அடுத்த வீட்டுக்கு விண்ணப்பித்தால் அங்கே வேறு கம்பெனி, வேறு கிடங்கு, அதே பழைய தவறு.

இவ்வளவும் தவறான பதிவுகளைப் பற்றி. இதைவிடப் பெரிய அநியாயம் சரியான பதிவுகளில் இருக்கிறது.

1966ல் வாஷிங்டன் நகரத்தில் கிளிஃப்டன் டெரஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. வீட்டு வசதி விதிகளை மீறிய சுமார் 1500 குறைபாடுகள் அங்கே இருந்ததாகக் குடியிருந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஏப்ரல் மாத வாடகையைச் சிலர் கட்டவில்லை. உரிமையாளர் கம்பெனி எவிக்ஷன் வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டுகள் "குறைபாடு இருக்கட்டும், வாடகை கட்டினாயா இல்லையா?" என்று கேட்டு உரிமையாளர் பக்கம் நின்றன. மேல்முறையீட்டில், 1970ல், நீதிபதி ஸ்கெல்லி ரைட் அதைத் தலைகீழாக்கினார். வாழத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பதும் வாடகை கொடுப்பதும் ஒன்றையொன்று சார்ந்த கடமைகள், முதலாவது இல்லை என்றால் இரண்டாவதைக் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஜாவின்ஸ் வழக்கு என்று இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் பிறகு இதே கொள்கையை ஏற்றுக்கொண்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1968ல், அதே கோர்ட் இன்னொன்றும் சொல்லியிருந்தது: நகராட்சியிடம் புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கும் நோக்கத்தில் ஒருவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

இந்த உரிமைகளை ஒரு வாடகைதாரர் எப்படிப் பயன்படுத்துவார் என்று பாருங்கள். ஜனவரி மாதம், வெளியே பனி, வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை. குழந்தைக்கு இருமல். பத்து முறை சொல்லியும் உரிமையாளர் ஆள் அனுப்பவில்லை. வாடகையை நிறுத்தி வைக்கிறார். உரிமையாளர் வழக்குப் போடுகிறார். அந்த வழக்கில், பிரதிவாதியாக நின்று, "வீடு வாழும்படி இல்லை" என்று சொல்லித்தான் ஜாவின்ஸ் கொடுத்த உரிமையைப் பயன்படுத்த முடியும். பழிவாங்கல் என்ற வாதமும் அப்படியே. முதலில் எவிக்ஷன் வழக்கில் மாட்டிக்கொண்டால்தான் அதை எடுத்து வைக்க முடியும். அவர் ஜெயித்தும் விடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பு எழுதுகிறார், ஹீட்டர் ஓடுகிறது. இரண்டு ஆண்டு கழித்து வேறு ஊரில் வேலை கிடைத்து வீடு தேடினால், கம்ப்யூட்டர் சொல்கிறது: எவிக்ஷன் வழக்கு, ஒன்று.

அப்புறம் யார் ஹீட்டருக்காக வாடகையை நிறுத்துவார்கள்? ஒரு கையால் உரிமையைக் கொடுத்துவிட்டு மறு கையால் அதைத் தொட்டவர் பெயரை ஊர் முழுக்க ஒட்டி வைக்கிறது கோர்ட். உரிமையாளர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். "கேஸ் போடுவேன்" என்று சொன்னாலே போதும், போடக் கூட வேண்டாம். விவரம் தெரிந்த வக்கீல்களே வாடகைதாரர்களிடம், "உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் கோர்ட் படி ஏறாமல் காலி செய்துவிடுவது நல்லது" என்று சொல்ல வேண்டிய நிலை. அது கெட்ட ஆலோசனை இல்லை, நல்ல ஆலோசனை. அதுதான் வெட்கக்கேடு.

சரி, வழக்குப் போடுகிற எல்லா உரிமையாளர்களும் காலி செய்யத்தான் போடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. மேரிலாந்து மாநிலத்தில் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு 6 லட்சத்துக்கும் மேல் வாடகை பாக்கி வழக்குகள் பதிவாயின. அத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்திருந்தால் பால்டிமோர் நகரமே காலியாகியிருக்கும். வரவில்லை. தேதி தவறினால் உடனே வழக்கு, பணம் வந்ததும் வழக்கு முடிந்தது, அடுத்த மாதம் திரும்ப வழக்கு. ஒரே குடும்பத்தின் மீது ஒரே ஆண்டில் நாலைந்து முறை கூட. 2019ல் வெளியான ஓர் ஆய்வில் பால்டிமோர், கிளீவ்லாந்து, டல்லஸ் நகரங்களின் வீட்டு உரிமையாளர்களிடமே பேசிப் பார்த்தார்கள். வழக்கு என்பது பலருக்கு வசூல் செய்யும் ஆள் மாதிரி. தாமதக் கட்டணமும் கோர்ட் செலவும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஒரு கருவி. கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலில் ஆளை உட்கார வைப்பான். இங்கே அந்த வேலையை மாநில அரசின் கோர்ட், சொற்பக் கட்டணத்துக்குச் செய்து கொடுக்கிறது. 5ஆம் தேதி சம்பளம் வாங்கி 7ஆம் தேதி வாடகை கட்டும் ஒருவர், ஒரு நாள் கூட வீட்டை இழக்காமல், ஒரு பைசா பாக்கி இல்லாமல், பெயருக்கு எதிரே பத்துப் பன்னிரண்டு எவிக்ஷன் வழக்குகளோடு நிற்க முடியும்.

கொரோனா காலத்தில் நடந்தது இதற்கெல்லாம் மகுடம் வைத்தது. 2020 செப்டம்பரில் நோய்த்தடுப்பு மையம் வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. அந்த ஒரு வருடம் தடை இருந்தது ஆளை வெளியே தள்ளுவதற்குத்தான், வழக்குப் போடுவதற்கு அல்ல. பல இடங்களில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. மத்திய அரசு வாடகை உதவிக்கென்று சுமார் 4600 கோடி டாலர் ஒதுக்கியது. உரிமையாளருக்கு அரசே பணம் கொடுத்தது, பாக்கி தீர்ந்தது, வழக்கு தள்ளுபடி. எல்லோரும் சந்தோஷம். பதிவு மட்டும் பல மாநிலங்களில் அப்படியே கிடக்கிறது. உலகமே வேலையிழந்து வீட்டில் முடங்கிய வருடத்தில் ஒரு ஹோட்டல் ஊழியர் இரண்டு மாத வாடகை கட்ட முடியாமல் போனது, 2020 என்ற தேதியோடு, அவருடைய குணநலனுக்குச் சாட்சியாக!

யார் பெயர்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எவிக்ஷன் லேப் ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட கணக்கின்படி, வாடகைக்கு இருக்கும் பெரியவர்களில் கறுப்பினத்தவர் 19.9 சதவீதம், எவிக்ஷன் வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டவர்களில் 32.7 சதவீதம். டெஸ்மண்டின் புத்தகம் (2016ல் வந்த "எவிக்டட்", மறு வருடம் புலிட்சர் பரிசு பெற்றது) மில்வாக்கி நகரத்தைப் பற்றியது. அங்கே வாடகைக்கு இருக்கும் கறுப்பினப் பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது வெளியேற்றப்பட்டதாகச் சொல்கிறார்கள். வெள்ளையினப் பெண்களில் பதினைந்தில் ஒருவர். நாடு முழுவதும் ஆண்டுக்கு 76 லட்சம் பேர் இருக்கும் வீடுகள் மீது வழக்கு வருகிறது, அவர்களில் 29 லட்சம் பேர் குழந்தைகள் என்று 2023ல் வந்த ஆய்வு கணக்கிடுகிறது. குழந்தை பெயர் பட்டியலில் இல்லைதான். ஆனால் அம்மாவுக்கு வீடு மறுக்கப்பட்டால் குழந்தை எங்கே போகும்? பட்டியலைப் பார்க்காமல் வீடு கொடுப்பவர், பெரும்பாலும் வேறு யாரும் குடிவராத வீட்டை வைத்திருப்பவர்தான். ஒழுகும் கூரை, கரப்பான், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். அங்கே ஹீட்டர் ஓடாவிட்டால் இந்த முறை வாயைத் திறக்க மாட்டார். கெட்ட குடியே கெடும் என்று நம்மூரில் விதியைச் சொல்வார்கள். அங்கே அதை ஒரு மென்பொருள் செய்கிறது.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் வாதங்களில் இரண்டு மட்டும் பதில் சொல்லத் தகுந்தவை.

முதலாவது, சின்ன உரிமையாளரின் வாதம். ஓய்வூதியக் காசில் ஒரே ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடும் வயதான தம்பதி, ஏமாற்றுக்காரனிடம் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது? நியாயமான பயம்தான். ஆனால் அவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது, முந்தைய உரிமையாளரின் தொலைபேசி எண் இருக்கிறது, கடன் அறிக்கை இருக்கிறது, அட்வான்ஸ் பணம் இருக்கிறது. கோர்ட் விசாரித்து "இவர் வாடகை ஏமாற்றினார்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளட்டும், யாரும் தடுக்கவில்லை. தீர்ப்பே இல்லாத குற்றச்சாட்டைப் பார்க்க எதற்கு உரிமை? இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வாடகைதாரர் தன் வருங்கால உரிமையாளரைச் சோதிக்க முடியுமா? எத்தனை வழக்குப் போட்டவர், எத்தனை பேரின் அட்வான்ஸைத் திருப்பித் தராதவர் என்று தேடினால், ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு கம்பெனிப் பெயரில் இருக்கும். மனிதர் பெயரே கிடைக்காது. ஏழைக்குக் கண்ணாடி வீடு, பணக்காரனுக்குக் கருங்கல் சுவர்.

இரண்டாவது வாதம் கனமானது. கோர்ட் என்பது திறந்த இடம், மூடிய கதவுக்குள் நீதி நடக்கக் கூடாது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. சொல்லப்போனால் மேலே கொடுத்த புள்ளிவிவரங்களில் பல, இந்தத் திறந்த பதிவுகளைத் தோண்டித்தான் கிடைத்தன. எல்லாவற்றையும் மூடிவிட்டால் யார் எத்தனை வழக்குப் போடுகிறார்கள், எந்த நீதிபதி ஒரு நிமிடத்துக்கு ஒரு குடும்பத்தை வெளியேற்றுகிறார் என்பதும் இருட்டுக்குள் போய்விடும். முறைகேடான உரிமையாளர்களுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் திறந்த கோர்ட் என்பதும் பெயர் போட்டுத் தேடும் பெட்டி என்பதும் ஒன்றல்ல. கோர்ட்டைக் கண்காணிக்க வழக்கு எண் போதும், கட்டடம் இருக்கும் பகுதி, உரிமையாளர் பெயர், நீதிபதி, முடிவு போதும். அதற்குப் பிரதிவாதியின் பெயர் எதற்கு? பெயர் தேவைப்படுவது ஒரே ஒரு காரியத்துக்கு: அந்த ஆளை அடையாளம் கண்டு வீடு மறுக்க. அந்தக் காலத்தில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள கோர்ட்டுக்கு நடந்து போய், தூசி தட்டி, கட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்தச் சிரமமே ஒரு காவல். காவலை எடுத்துவிட்டு "சட்டம் மாறவில்லையே, எப்போதும் திறந்துதானே இருந்தது" என்று சொல்வது சாமர்த்தியம், நேர்மை அல்ல.

இது முடியாத காரியமும் அல்ல. கலிஃபோர்னியாவில் 2017 ஜனவரி முதல், வழக்குப் போட்ட 60 நாளுக்குள் உரிமையாளர் ஜெயித்தால்தான் பதிவு பொதுவெளிக்கு வரும். இல்லாவிட்டால் மூடியே இருக்கும். அதற்கு முன் இதே 60 நாள் கணக்கு தலைகீழாக இருந்தது: அதற்குள் வாடகைதாரர் ஜெயித்தால்தான் மூடுவார்கள். யார் ஓட வேண்டும் என்பதை மாற்றினார்கள், அவ்வளவுதான். மினசோட்டாவில் 2024 ஜனவரி முதல் தீர்ப்பு வரும் வரை பதிவு வெளியே தெரியாது. வாஷிங்டன் நகரம், ஜாவின்ஸ் வழக்கு நடந்த அதே ஊர், 2022ல் இயற்றிய சட்டத்தில் உரிமையாளர் ஜெயிக்காத வழக்குகளை 30 நாளில் மூடச் சொன்னது, ஜெயித்தவற்றையும் மூன்று ஆண்டில் மூடச் சொன்னது. இந்த இடங்களில் எல்லாம் வீட்டு உரிமையாளர்கள் இன்னும் வீடு வாடகைக்கு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. மற்ற பல மாநிலங்களில், தள்ளுபடியான வழக்கை மறைக்கக் கூட வாடகைதாரரே தனியாக மனுப் போட்டு, காரணம் சொல்லி, நீதிபதியின் மனம் இரங்கக் காத்திருக்க வேண்டும். பெயரைப் பட்டியலில் ஏற்ற வாடகைதாரர் மனுப் போடவில்லை. இறக்க மட்டும் அவர் போட வேண்டுமாம்.

பெயரை வெளியே விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துவதை மட்டும் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் இருக்கிறது. அங்கே கோர்ட்டே பல காலம் வாடகைதாரர் பெயர்களைக் கணினித் தகவலாகக் கம்பெனிகளுக்கு விற்றது. 2012ல்தான் பெயர்களை நிறுத்தியது. 2019 ஜூனில் வந்த சட்டம், பழைய எவிக்ஷன் வழக்கைக் காரணமாக வைத்து வீடு மறுக்கக் கூடாது என்றது. பதிவைப் பார்த்த பின் மறுத்தால், அதனால்தான் மறுத்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உரிமையாளர். கேட்க நன்றாக இருக்கிறது. "உங்கள் சம்பளம் போதவில்லை", "வேறொருவர் முதலில் வந்துவிட்டார்" என்று சொல்ல எந்த உரிமையாளருக்குத் தெரியாது? அதையும் தாண்டி ஒருவர் மாட்டினால் அபராதம் 500 முதல் 1000 டாலர். நடவடிக்கை எடுக்க வேண்டியது மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். மன்ஹாட்டனில் இன்று சாதாரணமாக ஒரு வீட்டின் மாத வாடகை 4000 டாலருக்கு மேல். அந்தக் குறைந்தபட்ச அபராதம், மறுக்கப்பட்ட வீட்டின் ஒரு வார வாடகைக்குக் கூட வராது.